முதுகில் இருந்த குஞ்சு

ஏரியின் நடுவே, பாதி தண்ணீருக்குள் நின்ற ஒரு கருவேல மரத்தடியில் முக்குளிப்பான் ஜோடி ஒன்று கூடு கட்டியிருந்தது. ஆணின் பெயர் செங்கழுத்தன். பெண்ணின் பெயர் குமிழி. இருவருக்கும் அதுதான் முதல் கூடு.

முக்குளிப்பானைப் பார்த்திருப்பீர்கள். வாத்தில் பாதிகூட இருக்காது. ஆனால் முங்குவதில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. "பருந்து!" என்று யாராவது கத்தினால் போதும், அடுத்த நொடி தண்ணீருக்குள் இருக்கும். யோசிப்பதெல்லாம் அடியில் போன பிறகுதான். செங்கழுத்தனோ அந்த ஏரியிலேயே அதிக நேரம் மூச்சடக்குகிறவன். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பாசியும் கோரையும் அல்லித் தண்டும் கொண்டுவந்து, இருவரும் கூட்டைப் பார்த்துப் பார்த்துக் கட்டினார்கள். தண்ணீர் ஏறினால் கூடும் ஏறும். இறங்கினால் கூடும் இறங்கும். அவ்வளவு நேர்த்தி! குமிழி அதில் இரண்டு முட்டையிட்டாள்; பொரியும் நாளும் நெருங்கியது.

"குஞ்சுங்க வந்தா இதிலேயே வச்சு வளர்த்துடலாம். நேரத்துக்கு ஒரு மீன் கொடுத்தாப் போதும். இதுல என்ன கஷ்டம்?" என்றான் செங்கழுத்தன்.

"ஆமாங்க! இருபது நாள் மாறி மாறி அடைகாத்தோமே, அதுதான் பெரிய வேலை. இனிமே நிம்மதிதான்!" என்றாள் குமிழி.

இரண்டு முட்டைகளும் பொரிந்தன. நிம்மதி அன்றோடு போயிற்று.

அத்தனை பாடுபட்டுக் கட்டிய கூட்டில் குஞ்சுகள் ஒரு பொழுதுகூடத் தங்கவில்லை. உடம்பின் ஈரம் காய்வதற்குள் தாயின் முதுகில் ஏறி இறக்கைக்குள் புகுந்துகொண்டன. இறக்கிவிட்டால் கத்தின. ஏற்றிக்கொண்டாலும் கத்தின. செங்கழுத்தன் பெருமையாக ஒரு கெண்டையைப் பிடித்து வந்தான். அது குஞ்சைவிடப் பெரிதாக இருந்தது. பிறகு பொடி மீனாகப் பார்த்துக் கொண்டுவந்தான். முள் தொண்டையில் சிக்கி மூத்த குஞ்சு விக்கியது. குமிழி பதறிப்போய்த் தன் மார்பிலிருந்தே மெல்லிய இறகுகளைப் பிடுங்கி ஊட்டினாள். இறகு வயிற்றில் மெத்தைபோலக் கிடந்தால் முள் குத்தாது. அதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டே நாளில் அவள் மார்பு திட்டுத்திட்டாக இறகில்லாமல் போயிற்று.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் வேறொன்று. முதுகில் குஞ்சு இருக்கும்போது முங்க முடியாது. முங்காமல் மீன் கிடைக்காது. ஆகவே ஒருவர் சுமக்க, மற்றவர் இரை தேடினார்கள். பிடித்ததெல்லாம் குஞ்சுகளின் வாய்க்கே போயிற்று. இருவர் கண்களும் பசியில் உள்வாங்கிப்போயின. பேச்சும் குறைந்துபோனது. "உன் முறை", "உங்க முறை" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

மூன்றாம் நாள் காலையில் குஞ்சுகளைச் சுமந்து சென்ற குமிழி திரும்பி வந்தாள். மூத்த குஞ்சு தொப்பலாக நனைந்து, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு? ஏன் இப்படி நனைஞ்சிருக்கு?"

"ஒண்ணுமில்லீங்க. அலை அடிச்சுது."

அன்று காற்றே இல்லை. செங்கழுத்தனுக்கு அது தெரியும். ஆனாலும் அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்கத் தெம்பில்லை.

குமிழிக்குக் காலையில் என்ன நடந்தது என்பதை ஒரே ஒரு ஆள் பார்த்திருந்தது. கோரைப் புதரோரம் ஆடாமல் அசையாமல் நின்ற சாம்பல் நாரைதான் அது. அங்கேதான் அதற்கு ஒரு யோசனை பிறந்தது.

மதியம் குமிழி மீன் தேடப் போனாள். செங்கழுத்தன் இரண்டு குஞ்சுகளையும் சுமந்துகொண்டு வெயிலில் மிதந்தான்.

"தம்பி! ஏன் இப்படி வெயில்ல காயறே? இந்தக் கோரையோரம் வா. நல்ல நிழல். குஞ்சுங்களும் தூங்கும், நீயும் கண்ணசரலாம்!" என்று குரல் கொடுத்தது நாரை.

"உங்களுக்கு ரொம்ப நல்ல மனசுண்ணே!" என்று சொல்லிக்கொண்டே செங்கழுத்தன் நிழலுக்கு வந்தான். குஞ்சுகள் தூங்கின. அவனுக்கும் இமை சொருகியது.

"பருந்து! பருந்து!" என்று அலறியது நாரை.

செங்கழுத்தன் முங்கினான். அடியில் போன பிறகுதான் முதுகு லேசாக இருப்பது தெரிந்தது.

பதறியடித்து மேலே வந்தான். இளைய குஞ்சு மட்டும் தக்கைபோல மிதந்து கத்திக்கொண்டிருந்தது. மூத்ததைக் காணவில்லை.

"ஐயோ தம்பி! பருந்து தூக்கிட்டுப் போயிடுச்சே! கண்ணால பார்த்தேனே!" என்றது நாரை. அதன் நீண்ட கழுத்தில் ஏதோ ஒன்று மெல்லக் கீழே இறங்கியதைச் செங்கழுத்தன் கவனிக்கவில்லை. அவன் கண்ணில் நீர் நிறைந்திருந்தது.

குமிழி வாயில் மீனோடு வந்தாள். "பெரியவன் எங்கேங்க?" என்றாள்.

"பருந்து தூக்கிட்டுப் போயிடுச்சு."

தான் முங்கியதை அவன் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்? குமிழியின் வாயிலிருந்து மீன் நழுவி விழுந்தது. இருவரும் அழுதார்கள். சேர்ந்து அழவில்லை. ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்கள்.

இரண்டு நாள் போயிற்று. குமிழி இரை தேடப் போயிருந்தாள். இளைய குஞ்சு செங்கழுத்தனின் முதுகில் இருந்தது. பருந்தின் கண்ணில் படக்கூடாது என்று அவனே கோரையோரம் ஒதுங்கினான், பாவம்!

நாரை ஓரடி எடுத்துவைத்தது. பிறகு இன்னோரடி. "பருந்து! தம்பி, பருந்து!"

செங்கழுத்தனின் கால்கள் தாமாகவே உதைத்தன. தலை தண்ணீருக்குள் போய்விட்டது. அந்த நொடியில், முதுகில் இரண்டு சின்னக் கால்கள் அவன் இறகைப் பற்றிக்கொண்டன. அவன் வெடுக்கென்று தலையைத் தூக்கினான்.

"வரட்டும்! முதல்ல என்னைத் தூக்கட்டும்!" என்று கத்தினான். இறக்கைகளைக் குஞ்சின்மேல் இறுக மூடிக்கொண்டு மேலே பார்த்தான். பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு அவன் மேலே பார்த்தது அதுவே முதல் தடவை.

வானத்தில் ஒரு காக்கைகூட இல்லை.

கண்ணைக் கீழே இறக்கினான். எதிரே நாரையின் அலகு பாய்ந்து வந்துகொண்டிருந்தது. அவன் அலறிக்கொண்டு, தண்ணீர்மேல் காலால் படபடவென்று அடித்து ஓடினான். நாரையின் அலகில் அவனுடைய நாலு இறகுகள் மட்டுமே மிஞ்சின. நடுத் தண்ணீருக்கு அதன் கால் எட்டாது.

குமிழி வந்து சேர்ந்ததும் அவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். "பருந்தே வரல, குமிழி. நாரைதான் நம்ம பெரியவனைத் தின்னுச்சு. நாரை மேல மட்டும் பழி போட்டு என்ன பண்ண? குழந்தை முதுகுல இருந்துச்சு. நான் முங்கிட்டேன். உன்கிட்ட மறைச்சுட்டேன்!"

குமிழி அவன் பக்கம் திரும்பினாள். அவள் தன்னைக் கொத்தப்போகிறாள் என்றே அவன் நினைத்தான்.

"நானும் முங்கினேங்க" என்றாள் அவள்.

"என்ன சொல்றே?"

"அன்னிக்குக் காலையில. மரத்துல ஏதோ நிழல் ஆடுச்சு. பழக்கதோஷத்துல முங்கிட்டேன். குழந்தை தண்ணி குடிச்சு மேல வந்துடுச்சு. பெத்தவளா இருந்துக்கிட்டு இப்படிப் பண்ணிட்டோமேன்னு வெக்கமா போச்சு. அலை அடிச்சுதுன்னு பொய் சொன்னேன். அப்பவே உங்ககிட்ட சொல்லியிருந்தா நீங்க..."

"காத்தே இல்லேன்னு எனக்கும்தான் தெரியும். நானும் கேக்கலையே!" என்றான் செங்கழுத்தன்.

அன்று இருவரும் சேர்ந்து அழுதார்கள். இளைய குஞ்சு ஒன்றும் புரியாமல், பசிக்கிறது என்று கத்தியது.

அதன்பிறகு அவர்கள் கோரைப் பக்கம் போகவே இல்லை. குஞ்சை ஒரு முதுகிலிருந்து இன்னொரு முதுகுக்கு மாற்றும்போதெல்லாம் இன்னொன்றும் செய்தார்கள். "இன்னிக்கு ஒரு தரம் கண்ணசந்துட்டேன்." "முள்ளை எடுக்காம ஊட்டிட்டேன், விக்கிடுச்சு." "கத்துற கத்துல கோபம் வந்துடுச்சு." நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டுத்தான் கைமாற்றினார்கள். கேட்டவர் திட்டவில்லை. அடுத்த முறை எப்படிச் செய்வது என்று இருவரும் சேர்ந்து யோசித்தார்கள்.

இளைய குஞ்சு வளர்ந்தது. ஒருநாள் தானாகவே முங்கி, தொலைவில் போய் எழுந்து, "பார்த்தீங்களா?" என்று கத்தியது. "பார்த்தோம்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். ஆனால் அது எழுந்த இடத்துக்குப் பக்கத்தில், இன்னொரு தலை எழுந்திருக்க வேண்டிய இடத்தையும் இருவரும் பார்த்தார்கள்.

பிள்ளை வளர்ப்பில் தெரியாமல் தவறுவது குற்றமல்ல. தவறியதைத் துணையிடம் மறைப்பதே பிள்ளைக்குப் பேராபத்து.