நாற்பத்தேழு கட்டங்களும் ஒரு பின் சீட்டும்

ரெண்டு எஸ்.யூ.வி., ரெண்டும் ஒரே விலை. எது உசத்தி என்று பார்க்க, ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளனான நான் நாற்பத்தேழு கட்டம் போட்டு அட்டவணை தயாரித்தேன். எஞ்சின், மைலேஜ், பிரேக் என எதையும் விடவில்லை. கடைசியில் இரண்டும் சரிசமமாக வந்து நின்றன.

அந்தக் கடுப்பில் டிரைவர் சவரிமுத்து மேல் பாய்ந்தேன். "பதினோரு வருஷமா ஓட்டுறே. இன்னிக்குள்ள எது நல்லதுன்னு சொல்லு. தப்பாச் சொன்னா வேற வேலை தேடிக்கோ!"

"சரிங்க சார். நீங்க பின்னாடி உக்காந்தா போதும்."

இரண்டு வண்டியையும் ஓட்டிப் பார்க்க ஷோரூமில் கேட்டு வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ரோட்டில் திருவெறும்பூர் வரை போய் வந்தான். முதல் வண்டியில் முழங்கால் இடித்தது. வழி நெடுகத் திட்டினேன். இரண்டாவதில் அட்டவணையோடு ஏறியது ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது ஷோரூம் வாசலில் நான்கு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

"இதை வாங்குங்க சார்," என்றான் சவரிமுத்து. "கோவிச்சுக்காதீங்க, உங்களுக்கு ஓட்டத் தெரியாது. வண்டியில நீங்க பாக்குற ஒரே வேலை தூக்கம்தான்."

"அப்ப என் அட்டவணை வீணா?"

"யார் சொன்னா? வெயில் படாம இவ்வளவு நேரம் முகத்தை மூடியிருந்தீங்களே, அது அந்த அட்டவணையாலதான் சார்."