கை கழுவச் சொன்ன கட்டெறும்பு

அந்தக் காலத்தில் எறும்பும் பூசணமும்கூட மனிதரோடு வாயாடிக்கொண்டிருந்தன. பண்ருட்டிப் பக்கம் தாண்டவராயன் என்று ஒருவர் இருந்தார். பலாப்பழம் அறுத்துச் சுளை விற்பவர். விற்றதைவிடத் தின்றது அதிகம். அதனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறி, ஆள் துரும்பாய் இளைத்துவிட்டார்.

மனைவி அஞ்சலாட்சி ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள். "ஒரு மாசம் கீரையும் பாவக்காயும்தான். அதுக்கப்புறமும் ரத்தத்துல இனிப்பு எறங்கலன்னா, கொல்லையில நிக்கிற பலாமரத்த வெட்டிப்புடுவேன்."

அது அவர் கையால் நட்டு, பெற்ற பிள்ளையாய் வளர்த்த மரம். மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சுளையைக்கூட வாயில் வைக்காமல் மாதத்தை ஓட்டினார்.

இனிப்பு இறங்கியதா என்று பார்க்க வேண்டுமே. அதுவரை அந்த வேலை எறும்புகளுடையது. ஆனால் எறும்பு எந்த இனிப்பானாலும் மொய்க்கும். எவ்வளவு என்று சொல்லத் தெரியாது. அப்போது வெங்காயத் தோலில் அப்பிக் கிடந்த கரும்பூசணம் வாயைத் திறந்தது.

"ரத்தத்துல ஓடுதே, அந்தச் சர்க்கர ஒண்ணுதான் எனக்குப் புடிக்கும். வேறெதையும் தொடமாட்டேன். அதத் தின்னா ஒடம்பு விறுவிறுங்கும். எம்மேல ஒரு மின்மினிய ஒக்கார வையி. விறுவிறுப்பு எவ்வளவோ, அவ்வளவு வெளிச்சம்."

விற்பதற்காகச் சுளை எடுத்துக்கொண்டிருந்த கணவரை அஞ்சலாட்சி அப்படியே இழுத்து வந்தாள். விரலில் இலந்தை முள்ளால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைப் பூசணத்துக்குக் கொடுத்தாள். மின்மினி கண் கூசும்படி பளீரென்று எரிந்தது.

"திருட்டுத்தனமா தின்னிருக்கீங்க."

"சத்தியமா இல்ல அஞ்சல."

அவள் கோடரியை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு நடந்தாள். அவர் ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். மரம் போவதைவிட, மனைவி நம்பவில்லையே என்பதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

மரத்தில் குடியிருந்த கட்டெறும்பு பதறியது. வீடே போகப்போகிறதே. இறங்கி வந்து அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்தது. குத்தாத விரலும் தித்தித்தது.

"ஏம்மா, கோடரியக் கீழ வையி. இனிக்கிறது அவரு கை. பலாச்சுளையிலயும் அதே சர்க்கர இருக்குல்ல? கையக் கழுவாமக் குத்துனா பூசணம் என்ன பண்ணும், குடுத்ததத் தின்னுச்சு."

"அதான, உள்ள இருந்து வந்ததா, வெளிய இருந்து ஒட்டுனதான்னு நான் எங்க கண்டேன்" என்று பூசணமும் முணுமுணுத்தது.

அஞ்சலாட்சியே தண்ணீர் ஊற்றி, அவர் கையைத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்தாள். வேறொரு விரலில் குத்தினாள். மின்மினி இம்முறை மினுக்மினுக்கென்று அடக்கமாக எரிந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஒங்கள நம்பாமப் போயிட்டனே" என்று சொல்லி, ஒரே ஒரு சுளையைத் தன் கையாலேயே ஊட்டினாள். அவர் அதை வெகுநேரம் மென்றுகொண்டிருந்தார்.

பூசணத்துக்கு அன்றோடு அந்த வேலை நிரந்தரமாகிவிட்டது. இன்று சர்க்கரையைத் தின்கிற அதன் சரக்கு, ரத்தச் சர்க்கரை பார்க்கும் சின்னப் பட்டைக்குள்ளும், கையில் ஒட்டிக்கொள்ளும் வில்லைக்குள்ளும் இருந்துகொண்டு ஊர் சுற்றுகிறது. மின்மினி எரிந்த இடத்தில் எண்கள் எரிகின்றன. ஊசி குத்துவதற்கு முன்னால் "கையக் கழுவிட்டு வாங்க" என்று சொல்கிறோமே, அது மட்டும் எறும்பு சொல்லிக் கொடுத்து அன்று தொடங்கிய வழக்கம்.