அங்கியில் மாட்டிக்கொண்டவர்

செம்மலைக் கோட்டையை ஆண்ட ராஜா நரேந்திரவர்மருக்கு உடுப்பு என்றால் உயிர். விழாவுக்காகத் தைக்கக் கொடுத்த சரிகை அங்கியை வேறு யாராவது போட்டால் நாடுகடத்தல் என்று உத்தரவே போட்டிருந்தார்.

விழாவுக்கு முந்தைய நாள் ராஜா வேட்டைக்குப் போய்விட்டார். தையற்காரர் சுலைமானுக்கு அங்கியின் அளவில் சந்தேகம் வந்துவிட்டது. சபை விகடகவி கோனேரிக்கு ராஜாவின் அதே உடல்வாகு.

"ஒரே தடவை போட்டுக் காட்டுங்கள் ஐயா. நாளைக்கு ஏதாவது ஆனால் என் குடும்பமே போச்சு" என்று சுலைமான் கெஞ்சினார்.

கோனேரி மனமிரங்கிக் கையை நுழைத்தான். உள்துணி கோணலாகத் தைக்கப்பட்டிருந்தது. தலை உள்ளே போனதும் கைகள் இரண்டும் மேலேயே நின்றுவிட்டன. சுலைமான் படாதபாடுபட்டுக் கழற்றும்போது தளவாய் ரங்கப்பர் வந்துவிட்டார். கோனேரியை ஒழித்துக்கட்ட வெகுநாளாகக் காத்திருந்தவர் அவர். அங்கியைப் பறித்துக்கொண்டு, அன்று மாலை ராஜா திரும்பியதும் இருவரையும் சபையில் நிறுத்தினார்.

"கையும் களவுமாக மாட்டிக்கொண்டான் மகாராஜா. தையற்காரனும் கூட்டு."



ராஜா முறைத்தார். "மாட்டிக்கொண்டாயா கோனேரி?"

"மாட்டிக்கொண்டேன் மகாராஜா."

"எப்படி மாட்டிக்கொண்டாய்?"

"முதலில் வலது கை. அப்புறம் இடது கை. அதற்கப்புறம்தான் நிஜமாகவே மாட்டிக்கொண்டேன். உள்ளே தையல் கோணல். இன்றைக்கு நான் மாட்டிக்கொண்டிருக்காவிட்டால், நாளைக்கு அத்தனை பேர் முன்னால் தாங்கள் மாட்டிக்கொண்டிருப்பீர்கள்."

"பொய்" என்றார் தளவாய். "வார்த்தையை வைத்து விளையாடுகிறான்."

"அப்படியானால் தளவாயே போட்டுப் பார்க்கட்டுமே."

"போடும். உமக்கு மட்டும் உத்தரவைத் தளர்த்துகிறேன்" என்றார் ராஜா.

தளவாய் மிடுக்காகக் கையை நுழைத்தார். கைகள் மேலே போயின. தலை மறைந்தது. இப்படித் திரும்பினார், அப்படித் திரும்பினார். தூணில் போய் முட்டிக்கொண்டார்.

"என்ன தளவாய்?"

"மாட்டிக்கொண்டேன் மகாராஜா" என்று சரிகைக்குள்ளிருந்து ஈனக்குரல் வந்தது.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உத்தரவை ரத்து செய்தார். சுலைமானுக்குத் தையலைச் சரிசெய்ய விடியும்வரை நேரம் கொடுத்தார். பிறகு கோனேரியைக் கேட்டார்:

"இவரை என்ன செய்யலாம்?"

"பாவம், கழற்றிவிடச் சொல்லுங்கள்."

"அங்கியிலிருந்தா, பதவியிலிருந்தா?"

சரிகைக்குள் திமிறிக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்றார்.

"அங்கியிலிருந்து போதும் மகாராஜா" என்றான் கோனேரி. "பதவியிலிருந்து கழற்றினால், அதில் என்னை மாட்டிவிடுவீர்கள்."