அனந்தநாராயணனின் கழுகுக்கண்

காலை பதினொன்று இருபது. நாகர்கோவிலில் வெயிலும் தூறலும் சேர்ந்து விழுந்தன. அமெரிக்க பேஸ்பால் வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து இணையத்தில் போட்டியிடுவோருக்கு ஆலோசனை எழுதித்தரும் அலுவலகம் அது. எந்த அறிக்கையிலும் தலைப்பைத் தாண்டிப் படித்தறியாத மேலாளர் அனந்தநாராயணன், மேசையைத் தட்டினார்.

"ஏம்மா கனகமணி, டைப் அடிக்க வந்த உனக்கு ஆட்டக்காரனை எடைபோடும் ஆசையா? இந்தப் புதுப் பந்துவீச்சாளன் தேறுவான் என்று எழுதியிருக்கிறாய். ஐந்து நிமிஷத்தில் அதை என் வாயால் சொல்லவை. முடியாவிட்டால் நாளை முதல் வரவேண்டாம்."

கனகமணி பெயரில்லாத இரண்டு தாள்களைப் பணிவாக நீட்டினாள். "அவன் கிடக்கட்டும் சார். இவர்களில் யாரை எடுக்கலாம்? உங்கள் கழுகுக்கண்ணுக்குத் தெரியாததா?"

முதல் தாளில் மூன்று வெற்றி, பதினோரு தோல்வி. "இவன் சுத்தத் தண்டம்!"

இரண்டாவதில் நூற்றெழுபது பேரைப் பந்தைத் தொடவிடாமல் வெளியேற்றிய விவரம். "ஆகா, இவன் தங்கம்! கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்."

"கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் சார்."

கம்பீரமாகப் போட்டார்.

"இரண்டும் ஒருவனே சார், நான் எழுதிய அதே இளைஞன். முதல் தாள் அவனுடைய அணியின் லட்சணம். மட்டை பிடித்தவர்கள் ஓட்டம் எடுக்காவிட்டால் இவன் என்ன செய்வான்? இரண்டாவதுதான் அவன் கைவரிசை."

அலுவலகமே சிரித்தது.

"அதைத்தானே நானும் சொன்னேன்!" என்றார் அனந்தநாராயணன்.

மறுநாள் காலை, டைப் வேலையிலிருந்து மாற்றப்பட்ட கனகமணி ஆய்வுப் பிரிவில் நாற்காலியை இழுத்துப்போட்டு, தன் பெயரில் முதல் அறிக்கையைத் தொடங்கினாள். அமெரிக்காவில் அந்த இளைஞன் பத்துப் பேரை வெளியேற்றிவிட்டுப் பன்னிரண்டாவது முறையாகத் தோற்றிருந்தான். அனந்தநாராயணனோ வாசல் காவலாளியை நிறுத்திவைத்து, "நான் கண்டுபிடித்த பையனப்பா!" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.