ஒரு பழிக்கு நான்கு பேர்

பரிசு ஒன்று, பங்கு கேட்பவர் மூவர் என்று புதிர் போடுவது வழக்கம். கேட்பவர்களும் சிரித்துக்கொண்டே விடை சொல்வார்கள். இந்தக் கதையில் பரிசு கிடையாது. ஒரு பழி இருக்கிறது. அது என்னுடையது, என்னுடையது என்று நான்கு பேர் நிற்கிறார்கள். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், விடை கதைக்குள்ளேயே கிடக்கிறது.

தென்காசிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற பள்ளி. அதன் பின்பக்கச் சுவர் குட்டை. ராத்திரியில் குடிகாரர்கள் சுவரேறிக் குதித்து, பெண்பிள்ளைகளின் கழிப்பறையில் உட்கார்ந்து குடிப்பார்கள். போகும்போது குழாயையும் கழற்றிக்கொண்டு போவார்கள். ஒரு காலையில் உடைந்த பாட்டில் சில்லு ஒரு பிள்ளையின் காலைக் கிழித்துவிட்டது. தலைமை ஆசிரியை எஸ்தர் ரெஜினாள் பதறிப்போனார். புதுக் குழாய் போட்டார், கனமான பூட்டு ஒன்றை வாங்கிக் கதவைப் பூட்டினார். சாவியைத் தன் அறையில் ஆணியில் மாட்டினார்.

"வேணும்னா வந்து கேளுங்க, தாரேன்" என்று பிரேயரில் சொன்னார். கேட்ட எவருக்கும் அவர் இல்லை என்றதில்லை. அதையும் நான் சொல்லியாக வேண்டும்.

ஆனால் அந்த அறைக்குப் போவதென்றால் ஒன்பதாம் வகுப்புப் பையன்களின் வாசலைத் தாண்டவேண்டும். சாவியோடு ஒரு பெண் திரும்பி வந்தால் போதும், பையன்கள் ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்துச் சாவிக்கொத்துபோல் குலுக்குவார்கள். ஒரு வாரம் குலுக்கினார்கள். பிறகு குலுக்கத் தேவையிருக்கவில்லை. சாவி கேட்டு யாரும் போகவில்லை. போகாமல் இருப்பதற்குப் பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள்: தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார்கள்.

கோடை வந்தது. பிள்ளைகள் மறக்காமல் தண்ணீர் குடிக்கவேண்டும் என்று பள்ளியில் தண்ணீர் மணி அடிப்பார்கள். பத்தாம் வகுப்பின் வகுப்பாசிரியர் பூலோகராஜ், கணக்குக்காரர், அந்த மணிக்கு மட்டும் பாதிக் கணக்கில் சாக்பீஸைக் கீழே வைப்பார். "ம், பாட்டிலத் தூக்குங்க" என்பார். பெண்பிள்ளைகள் வரிசையை உற்றுப் பார்ப்பது முறையில்லை என்று நினைக்கிற மனிதர். அதனால் பலகைப் பக்கம் திரும்பி நின்றபடி வகுப்புத் தலைவி ஆனந்தசெல்வியிடம் கேட்பார்.

"எல்லாரும் குடிச்சாச்சா?"

"குடிச்சாச்சு சார்."

பாட்டில்கள் உயர்ந்திருக்கும். உதடுகள் மூடியிருக்கும். தொண்டையை மட்டும் ஏற்றி இறக்கக் கற்றுவைத்திருந்தார்கள் பாவிப் பிள்ளைகள்.

அவர்களில் ஒருத்தி பேச்சியம்மாள். ஓட்டத்தில் கெட்டிக்காரி. பீடி சுற்றிப் பிழைக்கும் வேலம்மாளுக்கு ஒரே மகள். விளையாட்டு விழாவுக்காக நடு வெயிலில் அணிவகுப்புப் பழக்கினார்கள். கொடி பிடித்து முன்னால் நடந்த பேச்சி, கொடியோடு சாய்ந்தாள். ஆட்டோவில் போட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். "உடம்புல தண்ணியே இல்லையே, பிள்ளை காலையிலேருந்து ஒண்ணும் குடிக்கலையா?" என்று மருத்துவர் கேட்டார். மறுநாள் விடிவதற்குள் பேச்சி போய்விட்டாள். பதினைந்து வயது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, தலைமை ஆசிரியையும் வகுப்பாசிரியரும் வேலம்மாள் வீட்டுக்குப் போனார்கள். பேச்சியின் புத்தகப் பையைக் கொடுக்க ஆனந்தசெல்வியும் கூடப் போனாள்.

தலைமை ஆசிரியை கையெடுத்துக் கும்பிட்டார். "பூட்டுனது நாந்தான்மா. பழி எனக்கு."

"இல்லம்மா. எங்கிட்ட ஒப்படைச்ச பிள்ளை" என்றார் பூலோகராஜ். "ஒரு நாள் திரும்பிப் பாத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல."

ஆனந்தசெல்வி பையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். "யாருமே குடிக்கலன்னு எனக்குத் தெரியும் அத்தை. நானும் குடிக்கல. குடிச்சாச்சுன்னு சாருட்ட சொன்னது நாந்தான்."

வேலம்மாள் மூவரையும் பார்த்தாள். "நீங்க யாரும் இல்ல. சாயங்காலம் பைய எடுத்தா பாட்டில் நெறஞ்சே இருக்கும். பள்ளிக்கூடத்துத் தண்ணியக் குடிச்சிருப்பான்னு நெனச்சுக்கிட்டு மொளகாச் செடியில ஊத்திருவேன். ஏம்ளா குடிக்கலன்னு ஒரு வார்த்த கேக்கலியே நான். பெத்தவ நாந்தான கேட்டிருக்கணும்."

நான்கு பேரும் சொன்னது உண்மை. ஒருவர்கூடப் பிறர்மேல் பழி போடவில்லை. நீங்கள் சொல்லுங்கள்: இந்த நால்வரில் பழிக்கு உரியவர் யார்?

விடை: தலைமை ஆசிரியை. குடிகாரர்கள் வந்தது ராத்திரியில். பகலில் அந்தப் பூட்டுக்கு என்ன வேலை? காலையில் திறந்து மாலையில் பூட்டியிருந்தால் குழாயும் பிழைத்திருக்கும், பிள்ளையும் பிழைத்திருப்பாள். கேட்டால் கொடுத்தேன் என்பது அவருக்குச் சமாதானம் ஆகலாம், ஆனால் கழிப்பறைக்குப் போக ஒரு பெண் ஊரறியக் கேட்டு வாங்கவேண்டிய நிலையை உண்டாக்கியவர் அவர்தான். ஆசிரியருக்கும் பங்கு உண்டு, அது அடுத்த பங்கு. தாய்க்கு எதுவும் தெரியாது. ஆனந்தசெல்வியோ தானும் தாகத்தோடு உட்கார்ந்திருந்த பிள்ளை, அவளுக்கு இதில் அணுவளவும் பழி இல்லை. இது அங்கிருந்த மூன்று பெரியவர்களுக்கும் தெரியும். ஆனால் அவரவர் பழியைச் சொல்லி அழுததில், அவளைக் கூப்பிட்டு "உன் மேல தப்பு இல்லம்மா" என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் வரவே இல்லை. அந்தப் பழி மூவருக்கும் பொது.