எதன்மேல் சத்தியம்

மேல்நாட்டுக்கும் கீழ்நாட்டுக்கும் நடுவே ஒரே ஒரு கணவாய். அதன் உச்சியில் மலைத்தாயின் கோயில். இரு நாட்டு மன்னர்களும் தலைமுறை தலைமுறையாக அந்தத் தாயின் பாதம் தொட்டுத்தான் சமாதானம் பேசினார்கள். சத்தியம் தவறினால் குலம் விளங்காது என்று இரு பக்கமும் நம்பியது. அந்தப் பயத்தில் வாள்கள் உறையிலேயே கிடந்தன.

கீழ்நாட்டுத் தூதர் பொறையன். எல்லாம் மாறியது அவர் கண்ணெதிரேதான்.

மேல்நாட்டில் செல்வம் கொழித்தது. கோயிலின் அந்தப் பக்கத்துப் படியில் புல் முளைத்தது. "கல்லைத் தொட்டுச் சொன்ன வார்த்தைக்கு நான் கட்டுப்பட வேண்டுமா?" என்று சிரித்தான் புது மன்னன். கணவாயைப் பிடித்துக்கொண்டான்.

கீழ்நாட்டில் பஞ்சம். பஞ்சத்தில் பக்தி பெருகியது. சபையில் அமைச்சர்கள் இருந்த இடத்தில் பூசாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். "தாயைப் பழித்தவன் உயிரோடு இருக்கலாகாது" என்றார்கள். பொறையனின் ஒரே மகன் செவ்வேள், நெற்றி நிறையக் குங்குமத்தோடு பாடிக்கொண்டே போருக்குப் போனான். திரும்பி வரவில்லை. உடலும் வரவில்லை.

இரு பக்கமும் ஓய்ந்துபோன பிறகு, கோயிலில் கூட நாள் குறித்தார்கள்; சமாதானம் பேசும்படி கீழ்நாட்டு மன்னர் மறுபடியும் பொறையனையே அனுப்பினார். பொறையன் முதலில் தம் குரு சாந்தமதி அம்மையைத் தேடிப் போனார். அம்மை ஆசிரமத்தில் இல்லை. கணவாய்ச் சரிவில், போர் நடந்த இடத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் புது மண்மேடுகள்.

"அம்மா, தெய்வத்தின்மேல் சத்தியம் என்றால் மேல்நாட்டான் சிரிக்கிறான். தெய்வம் இல்லாத சத்தியத்தை எங்கள் ஆட்கள் நம்பமாட்டார்கள்."

அம்மை மண்ணை அள்ளி வெளியே போட்டார்.

"பக்தி குறைந்த இடத்தில் பேராசை வந்தது. கூடிய இடத்தில் வெறி வந்தது. நான் எதை வேண்டிக்கொள்வது? கூட வேண்டுமென்றா, குறைய வேண்டுமென்றா?"

"இந்த ஓரம் இன்னும் ஆழமாக வேண்டும்" என்று மண்வெட்டியை நீட்டினார் அம்மை.

பொறையன் குழிக்குள் இறங்கி வெட்டினார். மேடுகளில் எது தம் மகனுடையது என்று கேட்கவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் மேல்நாட்டுப் பெண் ஒருத்தி கைவண்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். வண்டியில் துணி சுற்றிய உடல். களமெங்கும் தேடி அன்றுதான் பிள்ளையைக் கண்டெடுத்திருந்தாள். மூவருமாக அவனைக் குழியில் இறக்கினார்கள்.

அவள் அங்கேயே நின்றாள்.

"இந்த நேரத்தில் ஏதோ சொல்வார்களே. என் அம்மாவுக்குத் தெரியும். நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை." பொறையனின் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தாள். "ஐயா, உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். பொறையன் கைகூப்பினார்.

"தாயே, இவனை உன் மடியில்..."

பாதியில் நிறுத்தினார். இவனே தம் மகனை வெட்டியவனாக இருக்கலாம். அதைவிட, தம் மகனுக்கு அந்த வார்த்தைகளை அவர் இன்னும் சொல்லவில்லை.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"உங்களுக்கும் பிள்ளையா?"

தலையசைத்தார்.

"பேர் என்ன?"

"செவ்வேள்."

"இவன் பரிதி" என்றாள்.

இருவரும் குழியின் விளிம்பில் உட்கார்ந்தார்கள். பிறகு பொறையன் அம்மையின் பக்கம் திரும்பினார்.

"நாளை இரு மன்னர்களும் கோயிலுக்கு வருகிறார்கள், அம்மா. எதன்மேல் கை வைக்கச் சொல்வேன்?"

பொறையன் எழுந்து, மண்ணைத் தள்ள மண்வெட்டியை எடுத்தார். அம்மை அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"மகளே, நாளைவரை இவனோடு இங்கே இருப்பாயா?"

"இனி எனக்கு வேறு எங்கே போக இருக்கிறது?"

அம்மை பொறையனைப் பார்த்தார்.

"மன்னர்களிடம் கோயில்வரை ஏற வேண்டாம் என்று சொல். இரண்டு பேரையும் இங்கே கூட்டி வா. அதுவரை குழியை மூடாதே."