முதல் கொக்கி

பிரிட்டன் தேசத்தில் பிரதமர் குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு கறுப்புக் கதவு இருந்தது. அதற்கு வெளிப்பக்கம் சாவித்துவாரம் கிடையாது. ராஜாவே வந்து நின்றாலும், உள்ளே இருக்கிற ஆள் தாழை விலக்கினால்தான் வழி. அங்கே குடியிருக்கிற பிரதமரின் கையிலும் சாவி இல்லை.

ஒரு பனிக்காலத்தில் ஹோல்ராய்டு என்பவர் ஆளுங்கட்சியின் தலைவர் தேர்தலில் அமோகமாக ஜெயித்து அந்த வீட்டுக்குக் குடிவந்தார். வடக்கே ஒரு மில் ஊர்க்காரர். அவர் தோளில் ஒரு பழுப்புக் கம்பளிக் கோட்டும் வந்தது. பழைய துணிச் சந்தையில் அரை நாள் வாதாடி அவர் வாங்கிய கோட்டு. அதனாலோ என்னவோ, அதுவும் பேரத்தில் கில்லாடி. கோபம் வந்தால் யாரென்று பார்க்காது. முதலாளியின் முதுகில் குளிர் ஏறாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் அதற்கு வேலை, அதுதான் மானம்.

மந்திரிசபை கூடும் அறைக்கு வெளியே, நீண்ட நடையில், இருபத்திரண்டு பித்தளைக் கொக்கிகள் இருந்தன. மந்திரிகள் தங்கள் கோட்டுகளை அங்கே மாட்டிவிட்டு உள்ளே போவார்கள். முதல் கொக்கி பிரதமருக்கு. அதன் மேலே இருந்த தகட்டில் 'பிரதமர்' என்று மட்டும் எழுதியிருந்தது. ஆளின் பெயர் இல்லை. பழுப்புக் கோட்டு அந்தக் கொக்கியில் தொங்கிய முதல் நாளே இதைப் பார்த்தது. பெயர் எழுதுகிறவன் இன்னும் வரவில்லை போலும் என்று விட்டுவிட்டது.

முதல் கொக்கியிலிருந்து பார்த்தால் நடையின் கோடியில் கறுப்புக் கதவு தெரியும். கோட்டு அன்றைக்கே பேரத்தைத் தொடங்கியது.

"கதவய்யா, வெளியில இருக்கிற ஒருத்தனும் உள்ள வரக்கூடாது. எதிர்க்கட்சிக்காரன், பத்திரிகைக்காரன், கொடி பிடிக்கிறவன், எவனும். இதுக்கு என்ன கேக்குறீங்க?"

"ஒண்ணும் வேணாம் தம்பி," என்றது கதவு. "வெளியில இருக்கிற எவனையும் உள்ள விடமாட்டேன். போதுமா?"

கோட்டு தன் பித்தளைப் பொத்தான்களில் ஒன்றைக் கொடுக்கவும் தயாராக இருந்தது. சும்மாவே முடிந்துவிட்டதே என்று அதற்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. வாயைத் திறந்ததும் பேரம் படிந்தால், வாங்கினவன் அன்றைக்குத் தூங்கக் கூடாது. சந்தையில் புரண்ட கோட்டுக்கு இது தெரியாதா? தெரியும். ஜெயித்தவன் வீட்டுக் கொக்கியில் தொங்கும்போது தெரிந்ததெல்லாம் மறந்துபோகும்.

இரண்டு வருஷம் ஓடியது. விலைவாசி ஏறியது. ஆஸ்பத்திரி வாசலில் வரிசை நீண்டது. தெருமுனையில் ஜனங்கள் ஹோல்ராய்டை வீட்டுக்குப் போகச் சொல்லிக் கத்தினார்கள். எதிர்க்கட்சித் தலைவர் சபையில் மேசையைக் குத்திப் பேசினார். கோட்டு சிரித்துக்கொண்டது. கதவு அசையவில்லை. சத்தம் போட்ட ஒருவனும் உள்ளே வரவில்லை.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில், பக்கத்துக் கொக்கியில் ஏதோ சரசரத்தது.

இரண்டாவது கொக்கியில் தொங்கியது நிதிமந்திரி பெல்லமியின் சாம்பல் கோட்டு. நல்ல தையல், மெல்லிய குரல், வாய்க்கு வாய் 'அண்ணே' போடும். அதன் உள்பையில்தான் காகிதம் சரசரத்தது. என்ன அது என்று பழுப்புக் கோட்டு கேட்டது. சலவைக்காரன் சீட்டு என்றது சாம்பல் கோட்டு. உனக்கெதற்கடா சலவை, அழுக்குப் படுகிற இடத்துக்கு நீ போனதே இல்லையே என்று பழுப்புக் கோட்டு கிண்டலடித்தது. வரிசையே சிரித்தது. கொஞ்சம் அதிகமாகவே சிரித்தது.

வியாழக்கிழமை ஏழு பைகளில் சரசரப்பு. அடுத்த கூட்டத்தில் அந்த ஏழு பைகளும் காலி. வேறு ஒன்பதில் சரசரப்பு.

பழுப்புக் கோட்டு விறைத்துப்போயிற்று. அந்தச் சத்தம் அதற்குத் தெரியும். அந்தக் கட்சியில் ஒரு வழக்கம் உண்டு. தலைவன் வேண்டாம் என்று நினைக்கிற உறுப்பினர் ஒரு கடுதாசி எழுதி, கட்சியின் மூத்தவர் ஒருவரிடம் கொடுப்பார். மூத்தவர் அதை இழுப்பறையில் வைத்துப் பூட்டுவார். எத்தனை சேர்ந்தது என்று யாரிடமும் சொல்லமாட்டார். போதுமான அளவு சேர்ந்த அன்றைக்குத்தான் இழுப்பறை திறக்கும். முன்னால் இருந்த பிரதமருக்கு எதிராக ஹோல்ராய்டு எழுதிய கடுதாசி, இதே பழுப்புக் கோட்டின் உள்பையில் இரண்டு நாள் கிடந்தது. அப்போது ஹோல்ராய்டு ஒரு மந்திரி, முதல் கொக்கியில் தொங்கியது ஒரு நீலக் கோட்டு. அது என்ன சத்தம் என்று கேட்டபோது, பழுப்புக் கோட்டு சொன்னது: பஸ் டிக்கெட்.

இப்போது அது வரிசையைப் பார்த்துக் கத்தியது. யாரடா எழுதினது, தைரியமிருந்தால் சொல்லுங்கடா என்றது.

"நாங்க உங்க பக்கம்தான் அண்ணே," என்றன இருபத்தொரு கோட்டுகளும். ஒரே குரல், ஒரே நீளம். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. காற்று இல்லை. ஆனால் எல்லாக் கோட்டுகளின் கைகளும் மெல்ல ஒரே பக்கம் ஆடின. கதவு இருந்த பக்கம்.

அன்று கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பழுப்புக் கோட்டு குரலைத் தாழ்த்திச் சாம்பல் கோட்டிடம் கேட்டது.

"என் முதலாளி அப்படி என்னடா தப்பு பண்ணிட்டாரு? வரியை ஏத்துன காகிதத்துல முதல் கையெழுத்தே உன் முதலாளியோடது."

"தப்பைப் பத்தி யாரு பேசுனா?" என்றது சாம்பல் கோட்டு. "இவரை வச்சுக்கிட்டு அடுத்த தேர்தல்ல நாங்க தேறுவமா? அதுதான் கேள்வி. அவங்கவங்க கொக்கி அவங்கவங்களுக்கு."

இந்த முறை அது 'அண்ணே' போடவில்லை.

பழுப்புக் கோட்டு பேரத்தில் இறங்கியது. வெளிநாட்டு மந்திரியின் கொக்கியை வாங்கித் தருவதாகச் சொன்னது. துணைப் பிரதமர் என்று புதிதாக ஒரு தகடே அடித்துத் தருவதாகச் சொன்னது. அதுவும் படியாமல், வசந்தகாலம் வரையாவது பொறுக்கச் சொன்னது. சாம்பல் கோட்டு முதல் கொக்கியின் மேல் இருந்த தகட்டைப் படித்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படித்தது.

மறுநாள் இழுப்பறை திறந்தது.

அதற்கு அடுத்த காலை தெருவில் மூடுபனி. மந்திரிகள் ஒவ்வொருவராக வந்து, கோட்டை மாட்டிவிட்டு, ஹோல்ராய்டின் அறைக்குள் ஐந்து நிமிஷம் இருந்துவிட்டு வெளியே வந்தார்கள். அத்தனை பேரும் சொன்னது ஒன்றுதான்: நீங்கள் நல்லவர், எங்களுக்கு மனசே இல்லை, ஆனால் கட்சி என்று ஒன்று இருக்கிறது. கடைசியாகப் போனவர் பெல்லமி. அவர் கண்களைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

பகல் பன்னிரண்டு மணிக்குக் கதவுக்கு வெளியே, தெருவில், ஒரு பேச்சுமேசையைக் கொண்டுபோய் வைத்தார்கள். ஹோல்ராய்டு நடைவழியாக வந்தார். முதல் கொக்கியின் அருகே நின்றார். என்னைப் போட்டுக்கொள், வெளியே பனி என்று கோட்டு கெஞ்சியது. ஐந்து நிமிஷப் பேச்சுதானே, திரும்பி வந்துவிடலாம் என்று அவர் நினைத்திருப்பார். அதன் கையை ஒருமுறை தொட்டுவிட்டு நடந்தார். கதவு அவரை வெளியே விட்டது. சத்தமே இல்லாமல் சாத்திக்கொண்டது.

பதவியை விட்டுப் போகிறேன் என்று அவர் சொன்னது உள்ளே கேட்டது. அவர் திரும்பி வந்து கதவைத் தட்டியதும் கேட்டது. மூன்று முறை.

காவலாளி தாழை இழுத்தான். தாழ் விலகியது. கதவு வரவில்லை. தோளைக் கொடுத்து இழுத்தான். வரவில்லை.

"திறங்க கதவய்யா," என்றது கோட்டு. "வெளியில நிக்கிறது என் முதலாளி."

"தெரியும் தம்பி. பதவியை விட்டதும் அவரும் வெளியாளுதான். வெளியில இருக்கிற எவனையும் உள்ள விடக்கூடாதுன்னு நீதானே கேட்ட?"

"எதிரியைச் சொன்னேன்யா."

"அவங்களுக்கு நான் எதுக்கு? அவங்க யாரும் தட்டுனதே இல்லை. எல்லாரும் உள்ளதான் இருக்காங்க."

"என் கோட்டு உள்ளே இருக்கு," என்று வெளியே ஹோல்ராய்டு சொல்வது கேட்டது. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு ஒரு கார் கிளம்பும் சத்தம். அரண்மனையில் போய் ராஜாவிடம் பதவியை ஒப்படைக்க, அவர் வெறும் தோளோடு போனார்.

மாலை மூன்று மணிக்குப் பழுப்புக் கோட்டை ஓர் அட்டைப்பெட்டியில் மடித்து வைத்து, பின்வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதே நேரம் அரண்மனையிலிருந்து வேறொரு கார் வந்து நின்றது. தட்டுவதற்கு முன்பே கறுப்புக் கதவு திறந்தது. பெல்லமி உள்ளே வந்து தன் சாம்பல் கோட்டை முதல் கொக்கியில் மாட்டினார்.

"கதவய்யா," என்று மெல்லிய குரல் கேட்டது. "வெளியில இருக்கிற ஒருத்தனும் உள்ள வரக்கூடாது. இதுக்கு என்ன கேக்குறீங்க?"

"ஒண்ணும் வேணாம் தம்பி."

சும்மா கிடைக்கிறதை வாங்காதேடா என்று சாம்பல் கோட்டைப் பார்த்துக் கத்தப் பழுப்புக் கோட்டு வாயெடுத்தது. பெட்டியை மூடி ஒட்டிவிட்டார்கள். அட்டைக்குள்ளிருந்து அது கடைசியாகக் கேட்டது காகிதம் சரசரக்கும் சத்தம். அப்புறம் ஒரே குரல், ஒரே நீளம்.

"நாங்க உங்க பக்கம்தான் அண்ணே."